கெல்லி மாளிகையும் கோயில் கூரையில் நிற்கும் துரையும்

ஈப்போவிலிருந்து காரில் ஏறினால் அரை மணி நேரத்தில் கெல்லி மாளிகைக்கு வந்துவிடலாம். பத்து காஜாவுக்கும் கோப்பேங்குக்கும் இடையே, ராயா ஆற்றின் ஓரத்தில் ஒரு சிறு மேட்டின் மேல் அது நிற்கிறது. பள்ளி விடுமுறை என்றால் பேருந்துகள் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, 'பேய் எந்த அறையில் இருக்கிறது?' என்பதுதான். இரண்டாவது கேள்வி சுரங்கப் பாதையைப் பற்றி. பெரியவர்கள் மொட்டை மாடியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இந்தச் செங்கல்லை அடுக்கிய கை யாருடையது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை. அந்தக் கை தமிழகக் கரையிலிருந்து கப்பலேறி வந்த கை. பேராவில் தோட்டப்புறத்துப் பின்னணி உள்ள எந்தக் குடும்பமும் இந்த மாளிகையை வேடிக்கை பார்த்துவிட்டுப் போக முடியாததற்குக் காரணம் அதுதான்.

சீமையில் இத்தகைய வீடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு பெரிய மாளிகை, உள்ளே மூதாதையர் ஓவியங்களும் பளிங்குச் சிலைகளும், வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியும் ஏரியும் மான்கூட்டமும். இன்று சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம். ஆனால் அந்த ஓவியங்கள் எந்தப் பணத்தில் வந்தன என்று அங்கேயே இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள். யார்க்ஷயரில் உள்ள ஹேர்வுட் மாளிகையின் பணம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பிலிருந்தும் அடிமைகளின் உழைப்பிலிருந்தும் வந்தது. வேல்ஸ் நாட்டுப் பென்ரின் கோட்டைக்குப் பின்னால் ஜமைக்காவின் கரும்புத் தோட்டம் நிற்கிறது. பிரிட்டனில் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் தேசிய அறக்கட்டளை 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள இடங்களில் 93க்கு அடிமை வாணிகத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று அதுவே ஒப்புக்கொண்டது. அதற்காக அங்கே பலரிடம் வசவும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. வேல்ஸில் போவிஸ் கோட்டை. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798இல் மதராஸ் கவர்னராக வந்தார். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டார். திப்புவின் சீட்டித் துணிக் கூடாரமும், அவருடைய அரியணையை அலங்கரித்த பொன் புலித்தலைகளில் ஒன்றும் இன்று அந்த வேல்ஸ் கோட்டையில் கண்காட்சிப் பொருள். மதராஸிலிருந்து போன சரக்கு அங்கே கலைச்செல்வம்.

பத்து காஜாவில் கதை வேறு விதம். இங்கே ஓவியமும் இல்லை, பளிங்குச் சிலையும் இல்லை. வீடே முடியவில்லை. மதராஸிலிருந்து வந்தவர்கள் மனிதர்கள்.

கெல்லாஸ் பண்ணையிலிருந்து கிந்தாவுக்கு

வில்லியம் ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தின் வடக்கே மோரே வட்டாரத்தில் பிறந்தவர். பிரபு வீட்டுப் பிள்ளை அல்லர். 1890இல், இருபது வயதில், மலாயா வந்து இறங்கினார். நியூசிலாந்துக்காரரான சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் என்ற நில அளவையாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பேரா அரசாங்கம் காடழித்துச் சடக்கு போடும் குத்தகைகளைக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் குத்தகையில் வந்த லாபத்தைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டை வாங்கினார். பிறந்த ஊர்ப் பண்ணையின் பெயரைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயர் வைத்தார். தன் பெயரோடு தாய்வீட்டுப் பெயரான கெல்லியையும் ஒட்டிக்கொண்டார். வெறும் ஸ்மித் கெல்லி ஸ்மித் ஆனார்.

அவர் அதிர்ஷ்டக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். காலம் அவருக்காகக் காத்திருந்தது போல் இருந்தது. பிரேசிலிலிருந்து 1876இல் லண்டனுக்குப் போன ரப்பர் விதைகள் கியூ தோட்டத்தில் முளைவிட்டு, மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோவின் பொறுப்பில் நடப்பட்டன. இருபது ஆண்டு யாரும் சீந்தவில்லை. காப்பி விலை விழுந்து மோட்டார் வண்டி வந்த பிறகுதான் துரைமார் கித்தா மரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அதோடு கெல்லி ஸ்மித்துக்கு ஈயத்திலும் கை இருந்தது. உலக ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போன காலம், அதிலும் கிந்தா பள்ளத்தாக்குக்கே முதலிடம். மேலே கித்தா, கீழே ஈயம். ஒரே நிலம் இரண்டு வகையில் காசு கொடுத்தது.

காசு மரத்திலிருந்து தானாக உதிரவில்லை. விடியற்காலை பெரட்டுக்கு நின்று, பால்மரத்தைச் சீவி, மங்கில் பால் சேர்த்து, வாளி சுமந்து கொண்டுவந்து கொட்ட ஆள் வேண்டும். அந்த ஆளைப் பிடித்துத் தந்தது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்த ஒருவனையே அவன் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். அவன் உறவையும் அண்டை வீட்டையும் திரட்டிக்கொண்டு வருவான். ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கித் தமிழர் குடியேற்ற நிதி அமைத்தார்கள். அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் மதராஸிலும் கப்பலேறி, பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, பிறகு ரயிலிலும் மாட்டு வண்டியிலும் தோட்டம் சேர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை ஓடியது. இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடை செய்த பிறகே அது நின்றது.

மகன் பிறந்தான், மாளிகை வளர்ந்தது

1903இல் ஸ்மித் ஊருக்குப் போய் ஆக்னஸைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். மறு ஆண்டு ஹெலன் என்ற மகள் பிறந்தாள். 1910ஐ ஒட்டி முதல் வீடு எழுந்தது. அதற்குக் 'கெல்லாஸ் இல்லம்' என்று பெயர். அதன் இடிபாடுகள் இன்றும் பெரிய மாளிகையின் பின்புறம் தெரிகின்றன. 1915இல் ஆந்தனி என்ற மகன் பிறந்தான். வாரிசு வந்த மகிழ்ச்சியில் பழைய வீட்டை ஒட்டியே புதிய மாளிகைக்கு அடித்தளம் போட்டார்.

பாருங்கள், அவர் ஸ்காட்லாந்துக் கோட்டையை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. ரோமானியத் தூண், மூரிஷ் பாணியில் குதிரை லாட வளைவு, இந்தியச் சாயலில் சாளரம் என்று எல்லாவற்றையும் கலந்தார். இந்தியக் கட்டடக் கலையில் அவருக்கு ஆசை அதிகம். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. மதராஸிலிருந்து 70 கட்டட வினைஞர்கள் தருவிக்கப்பட்டார்கள். 'மதராஸ்' என்றால் அன்றைய வெள்ளைக்காரர் வாயில் மதராஸ் மாகாணம் முழுவதும் அடக்கம். ஆந்திரமும் மலபாரும் அதில் சேர்ந்தவை. ஆகவே எழுபது பேரும் தமிழர்தான் என்று மார்தட்டிக்கொள்வது சரியாக இருக்காது. ஆனால் தோட்டத்தில் பேசப்பட்ட மொழி தமிழ். அவர்கள் கட்டிய கோயில் மாரியம்மனுக்கு.

இவர்கள் பால்வெட்டுக்காரர்களும் அல்லர். கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டுமாக வந்த தொழில்காரர்கள். ஆறு மாடிக் கோபுரத்தை எழுப்பி, அதற்குள் மின்தூக்கிக்கு ஒரு கூண்டு விட்டுக் கட்டியவர்கள். மின்தூக்கி வந்திருந்தால் மலாயாவிலேயே அதுதான் முதலாவது என்பார்கள், வரவே இல்லை. மேல்தளத்தில் டென்னிஸ் ஆட இடம் என்று திட்டம், அதுவும் நடக்கவில்லை. பூச்சு வேலை முடியாமல் நின்றுபோன சுவர்களில் இன்றும் செங்கல் வரிசையைத் தெளிவாகப் பார்க்கலாம். பூசியிருந்தால் அந்தக் கைவேலை மறைந்து போயிருக்கும். மாளிகையில் கலைச்செல்வம் என்று ஏதேனும் இருந்தால், அந்தச் செங்கல் வரிசையும் வளைவுகளும்தான்.

இதே காலத்தில் தலைகீழான ஒரு காட்சியும் நடந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் செய்து, கித்தாத் தோட்டங்களும் வைத்திருந்த நகரத்தார் காரைக்குடிப் பக்கம் மாளிகைகள் கட்டினார்கள். பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல். மலாயாவின் காசு கடல் கடந்து செட்டிநாட்டில் மாளிகை ஆயிற்று. தமிழகக் கரையின் உழைப்பு கடல் கடந்து பேராவில் ஸ்காட்லாந்துக்காரரின் மாளிகை ஆயிற்று. இரண்டுக்கும் நடுவே லயத்தில் கிடந்தவனுக்கு ஓர் அறை.

காய்ச்சல் வந்த ஆண்டு

1918இல் உலகம் முழுவதும் விஷக்காய்ச்சல் பரவியது. அதற்கு ஸ்பானியக் காய்ச்சல் என்று பெயர். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். மலாயாவிலும் தோட்டப்புறங்களில் சாவு விழுந்தது. நெருக்கமான லயங்கள், பொதுத் தண்ணீர், அரைவயிற்றுச் சோறு. நோய்க்கு இதைவிட என்ன வேண்டும்? கெல்லி ஸ்மித்தின் தோட்டத்திலும் காய்ச்சல் புகுந்தது. மாளிகை கட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் இறந்தார்கள். வேலை தடைபட்டது.

மிச்சம் இருந்தவர்கள் துரையிடம் போய் ஒன்று கேட்டார்கள். அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும். அம்மை, கொள்ளைநோய் என்றால் மாரியைத் தவிர யாரிடம் போவது? துரை ஒத்துக்கொண்டார். மாளிகையிலிருந்து சிறிது தூரத்தில் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. கோயில் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே துரை உடையில் ஒரு சுதைச் சிற்பம் நிற்கிறது. அதுதான் கெல்லி ஸ்மித்.

இந்தச் சிலையைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. 'நல்ல துரை, நன்றிக்கு வைத்தார்கள்' என்பது ஒன்று. 'வெள்ளைக்காரனைச் சாமிக்குப் பக்கத்தில் நிறுத்திய அடிமைப் புத்தி' என்பது மற்றொன்று. இரண்டும் அவசரப் பேச்சு.

முதலில் கோயில் கேட்டதை எடுத்துக்கொள்வோம். தொழிற்சங்கம் இல்லாத காலம். கூலி கூட வேண்டும், லயத்தை மாற்றிக் கட்டு, மருத்துவரைக் கூப்பிடு என்று ஒரு தொழிலாளி வாய் திறந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. கோயில் ஒன்றுதான் கூட்டமாகப் போய்த் துணிந்து கேட்கக் கூடியதாக இருந்தது. துரைமாருக்கும் அதில் கணக்கு இருந்தது. கோயில் இருந்தால் திருவிழா இருக்கும். திருவிழா இருந்தால் ஆள் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான். மலாயாத் தோட்டங்களில் கோயிலுக்கு நிலமும் பணமும் சுலபமாகக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கெல்லி ஸ்மித்துக்கு இரக்கம் இருந்திருக்கலாம். இரக்கமும் கணக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது புதுமை அல்ல.

அடுத்து சிலை. கொடுத்தவனின் உருவத்தைக் கோயிலில் வைப்பது தமிழர் வழக்கத்தில் பழையது. தூணில் கைகூப்பி நிற்கும் நாயக்க மன்னர்களைப் பார்க்காதவர் உண்டா? வெள்ளைக்காரருக்கும் அந்த மரபில் இடம் கிடைத்ததுண்டு. மதுரையில் 1812 முதல் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர், மீனாட்சியம்மனுக்குப் பொன்னாலான அங்கவடி செய்து கொடுத்தார். ஊர் அவரைப் 'பீட்டர் பாண்டியன்' என்றது. அய்யனார் கோயில்களில் குதிரையேறிய துரைச் சிப்பாய் உருவங்களும் உண்டு. சுதை வேலைக்காரன் தன் கண்ணில் பட்ட அதிகாரத்தை எல்லாம் கோயிலுக்குள் கொண்டுவந்து, ஆனால் அம்மனுக்குக் கீழேயே நிறுத்துவான். மாளிகையில் எல்லோருக்கும் மேலே நின்றவர், கோயிலில் அம்மனின் காவல் வரிசையில் ஓர் ஆள்.

கசப்பான விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. கொடுத்தவனின் உருவம் கூரையில் நிற்கிறது. யாருடைய சாவுக்காகக் கோயில் கேட்கப்பட்டதோ, அவர்களின் பெயர் வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் ஓரிடத்திலும் வருவதில்லை. கெல்லியின் மகன் பெயர் தெரியும், மகள் பெயர் தெரியும். எழுபது பேரில் ஒருவர் பெயர் தெரியாது.

அதே பத்து காஜாவில், அரசாங்க அலுவலகங்கள் இருந்த மேட்டை ஒட்டி, 'கடவுளின் சிறு நிலம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட ஒரு வெள்ளையர் கல்லறைத் தோட்டம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று தோட்டத் துரைமார் அங்கேதான் கிடக்கிறார்கள். அந்தக் கொலைகளை அடுத்தே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கல்லிலும் பெயர் உண்டு, தேதி உண்டு. ஆண்டுதோறும் நினைவுநாள் நடத்தி மலர்வளையம் வைக்கிறார்கள், வைக்கட்டும். தோட்டத்து இடுகாடுகளின் நிலை அப்படியா? பல தோட்டங்களில் ஒரு மண்மேடு, மேலே ஒரு செடி. மறுநடவு வந்ததும் அதுவும் போயிற்று.

லிஸ்பனில் முடிந்த கதை

1926 டிசம்பரில் கெல்லி ஸ்மித் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் இருந்தபோது நிமோனியா காய்ச்சலில் இறந்தார். வயது 56. மின்தூக்கி வாங்கத்தான் போனார் என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கணவரை இழந்த ஆக்னஸ் பத்து காஜாவுக்குத் திரும்ப மனமில்லாமல் சொத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கம்பெனிக்கு வேண்டியது கித்தா மரம், மாளிகை அல்ல. காடு மேட்டின் மேல் ஏறியது.

சுவரில் ஆலும் கொடியும் படர்ந்த அந்த நாள்களில்தான் பேய்க்கதைகள் முளைத்தன. சுரங்கப் பாதை கோயில் வரை போகிறது என்ற பேச்சும் வளர்ந்தது. பின்னர் அரசு இடத்தைச் செப்பனிட்டுச் சுற்றுலாத் தலமாக்கியது. 1999இல் வெளிவந்த 'அன்னாவும் அரசனும்' என்ற ஹாலிவுட் படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. அருகில் தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டி 1982 வரை ஓடிய ஈயக் கப்பல் ஒன்று நிற்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் கிந்தாவின் இரண்டு செல்வங்களும் ஒரே நாளில் கண்ணில் பட்டுவிடும்.

தோட்டம் என்ன ஆனது? இந்த இடத்தில் பேரா தமிழர் கதை முழுவதும் ஒன்றுபோலத்தான். 1950களில் வெள்ளைக் கம்பெனிகள் மூட்டை கட்டத் தொடங்கியதும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே லயத்தில் அடுப்பு எரியாது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சொந்தத் தோட்டத்தில் பங்குதாரர் என்ற பெருமை சிலருக்குக் கிடைத்தது, எல்லோருக்கும் அல்ல. கித்தா போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் காலியாயின. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள்.

போனவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் கோயில் திருவிழாவுக்குத்தான். தோட்டமே இல்லாத இடத்தில் தோட்டத்துக் கோயில் நிற்பது பேராவில் இன்று சாதாரணக் காட்சி.

கெல்லி மாளிகைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களும் பெற்றோரும் பேய் அறையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மாளிகைக்கு முன்னால் நிற்கும்போதே தாத்தா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தக் கப்பல் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லலாம். பல வீடுகளில் பழைய சிவப்பு அடையாள அட்டை, தோட்டத்துப் பள்ளிச் சான்றிதழ், கோயில் வரி ரசீது இன்னும் ஏதோ ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. தோட்ட அலுவலகங்களில் கிராணிமார் நாள் தவறாமல் எழுதிய செக்ரோல் புத்தகங்களில் ஒவ்வொரு ஆளின் பெயரும் இருந்தது. தோட்டம் கை மாறியபோது அவற்றில் எத்தனையோ எரிந்தன, கரையான் தின்றன. தப்பியவை யார் வீட்டிலாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருக்கலாம்.

மாளிகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேரே காரில் ஏறி ஈப்போவில் தவ்கே கோழி சாப்பிடப் போய்விடுகிறார்கள். கோயிலுக்குப் போக அதிக நேரம் ஆகாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டு, வெளியே வந்து தலையை நிமிர்த்திப் பார்த்தால் துரை அங்கேதான் நிற்கிறார்.